மடியில் வளர்ந்த மீட்பர்

(பிப்ரவரி 2, ஆண்டவரைக் கோவிலில் காணிக்கையாக அர்ப்பணித்த விழா. நற்செய்தி: லூக்கா 2:22-40)



பிறந்து நாற்பது நாளான பிள்ளையைக் கையில் ஏந்திக்கொண்டு மரியாவும் யோசேப்பும் எருசலேம் கோவிலுக்குப் போன செய்தியை இப்போது கேட்டோம். ஆட்டுக்குட்டி வாங்க வசதியில்லாத குடும்பம் அது. ஏழைகளுக்கென்று மோசேயின் சட்டம் அனுமதித்த பறவைக் காணிக்கையோடு படியேறினார்கள். சிமியோன் பிள்ளையைக் கையில் வாங்கிக் கடவுளைப் போற்றினார். அன்னா என்ற முதிய கைம்பெண் அந்தப் பிள்ளையைப் பற்றி எல்லாரிடமும் பேசினார். இவற்றையெல்லாம் ஒவ்வோர் ஆண்டும் சிந்திக்கிறோம். இன்று வாசகத்தின் கடைசி வசனத்துக்கு மட்டும் உங்களை அழைத்துப் போகிறேன்.

குடும்பம் நாசரேத்துக்குத் திரும்புகிறது. அங்கே பிள்ளை உடல் வலுத்து, அறிவு நிறைந்து, கடவுளின் அருளோடு வளர்ந்ததாக லூக்கா எழுதுகிறார். அடுத்த காட்சியில் இயேசுவுக்குப் பன்னிரண்டு வயது. இடையில் போன வருடங்களுக்கெல்லாம் அந்த ஒரு வசனம்தான்.

அதற்குள் என்னென்ன இருந்திருக்கும் என்று பிள்ளை பெற்ற எவருக்கும் தெரியும். தூக்கம் கெட்ட இரவுகள், பல் முளைக்கும்போது வரும் காய்ச்சல், விழுந்து எழுந்து நடந்த நடை. மீட்பர் முழுமையாகக் கடவுள், முழுமையாக மனிதர் என்று 451ஆம் ஆண்டு கால்செதோன் பொதுச்சங்கம் அறிவித்தது. முழு மனிதர் என்றால் அவர் குப்புறக் கவிழ்ந்தார், தவழ்ந்தார், சுவரைப் பிடித்து நின்றார். அரமேய மொழியைத் தாயின் வாயைப் பார்த்துப் பார்த்துப் பழகினார். உலகைப் படைத்த வாக்கானவர், ஒரு சிற்றூர்ப் பெண்ணிடம் பேச்சுக் கற்றார். ஒரு குழந்தையின் முதல் ஐந்தாறு வருடங்களைப் புனிதமான காலம் என்று நான் சொல்வது இதனால்தான். கடவுளே அந்தக் காலத்தைக் கடந்து வந்திருக்கிறார்.

பழைய ஏற்பாடும் இதை அறிந்திருந்தது. ஓசேயா நூலின் பதினோராம் அதிகாரத்தை வீட்டில் எடுத்து வாசித்துப் பாருங்கள். இஸ்ரயேலுக்கு நடை பழக்கியவராக, கையில் ஏந்தியவராக, குனிந்து உணவு ஊட்டியவராக ஆண்டவர் தம்மைக் காட்டுகிறார். பிள்ளைக்குச் சோறு ஊட்டக் குனியும்போது நீங்கள் செய்வது கடவுள் தமக்கென்று சொல்லிக்கொண்ட வேலை.

இன்றைய மருத்துவம் சொல்வதையும் கேளுங்கள். பிறக்கும்போது குழந்தையின் மூளை, வளர்ந்தவர் மூளையில் ஏறக்குறைய கால் பங்கு எடைதான். ஐந்து வயதில் அது பத்தில் ஒன்பது பங்கை எட்டிவிடுகிறது. முதல் சில வருடங்களில் வினாடிக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட நரம்பு இணைப்புகள் உருவாகின்றன என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். இந்த இணைப்புகளில் எவை நிலைக்கும், எவை உதிரும் என்பதைப் பெரிதும் முடிவு செய்வது பிள்ளைக்கும் பெரியவருக்கும் இடையே நடக்கும் கொடுக்கல் வாங்கல். பிள்ளை 'ங்கா' என்கிறது, தாய் திரும்ப 'ங்கா' என்கிறாள். பிள்ளை சிரிக்கிறது, தகப்பன் சிரிக்கிறான். விலையுயர்ந்த பொம்மையால் இது நடப்பதில்லை.

1970களில் அமெரிக்காவில் எட்வர்ட் டிரானிக் என்ற உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். கைக்குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருக்கும் தாயிடம், இரண்டொரு நிமிடம் முகத்தில் எந்த அசைவும் காட்டாமல் வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னார். தாய் எழுந்து போகவில்லை, எதிரேதான் இருக்கிறாள். முகம் மட்டும் பதில் சொல்லவில்லை. குழந்தை முதலில் சிரித்துப் பார்த்தது, பிறகு கையை நீட்டியது, குரல் கொடுத்தது. எதுவும் பலிக்காதபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதது. இதைப் படித்தபோது எனக்குக் கைப்பேசிதான் நினைவுக்கு வந்தது. பிள்ளை மடியில், கண் திரையில் என்று நாம் உட்கார்ந்திருக்கும் நேரமெல்லாம் அந்த அசையாத முகத்தைத்தான் பிள்ளைக்குக் காட்டுகிறோம். பிள்ளையின் கையிலேயே திரையைக் கொடுத்துச் சோறு ஊட்டுகிறோம். இரண்டு வயது நிறையும்வரை திரையே வேண்டாம், பிறகு ஐந்து வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம் என்பது 2019இல் உலகச் சுகாதார நிறுவனம் சொன்ன அறிவுரை.

நம் முன்னோருக்கு இந்த நிறுவனங்கள் எதுவும் இல்லை. ஆனாலும் குழந்தையை மாதம் மாதமாகக் கவனித்த சமூகம் நாம். பிள்ளைத்தமிழ் என்ற இலக்கிய வகையையே எடுத்துக்கொள்ளுங்கள். தலைவனைக் குழந்தையாக்கிப் பத்துப் பருவமாகப் பாடும் அதில், தலையை நிமிர்த்தி ஒரு காலை மடக்கி ஆடும் செங்கீரை ஐந்தாம் மாதத்தை ஒட்டி வரும். கை கொட்டும் சப்பாணி ஒன்பதாம் மாதம். நடந்து வரச் சொல்லி அழைக்கும் வருகைப் பருவம் ஓராண்டை ஒட்டி. நிலாவை விளையாட அழைக்கும் அம்புலிப் பருவத்தைப் பதினெட்டாம் மாதத்தை ஒட்டி வைப்பது வழக்கம். நம் ஆண்டவருக்கும் இப்படி ஒரு நூல் உண்டு. அருள் செல்லத்துரை 1985இல் வெளியிட்ட இயேசுபிரான் பிள்ளைத்தமிழ் அது.

பதினெட்டாம் மாதம் என்றேனே, அதில் கொஞ்சம் நிற்போம். சற்றுமுன் மெழுகுதிரிகளை மந்திரித்தபோது, பக்கவாட்டு வரிசையில் ஒரு தாயின் இடுப்பில் இருந்த அந்த வயதுப் பிள்ளை சுடரைப் பார்த்தது. விரலை நீட்டியது. உடனே திரும்பித் தாயின் முகத்தைப் பார்த்தது. தாய் சுடரைப் பார்த்து, "ஆமாய்யா, விளக்கு" என்றார். பிள்ளை மறுபடி சுடரைப் பார்த்தது. எல்லாம் நாலைந்து வினாடிதான். 'நான் காண்பதை நீயும் காண வேண்டும்' என்று அந்தப் பிள்ளை கேட்டது, கேட்டது கிடைத்தது. பேச்சும் நட்பும் முளைப்பது இங்கேதான். செபமும் இங்கேதான் முளைக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நம் மலேசிய அரசாங்கத் தாய்சேய் நலக் கிளினிக்குகளில் பதினெட்டு மாதப் பரிசோதனையின்போது தாதியர் ஒரு கேள்விப் பட்டியலைக் கேட்பார்கள். பிள்ளை எதையாவது உங்களுக்குக் காட்டுவதற்காக விரல் நீட்டுகிறதா, பெயர் சொல்லி அழைத்தால் திரும்புகிறதா என்ற கேள்விகள் அதில் இருக்கும். இல்லை என்றால் இல்லை என்று சொல்லுங்கள். 'எங்கள் வீட்டில் ஆண் பிள்ளைகள் தாமதமாகத்தான் பேசும்' என்று பாட்டி சொன்னதை வைத்து மூடி மறைக்க வேண்டாம். பரிசோதித்துப் பார்த்தபின் ஒன்றுமில்லை என்றால் நன்றி சொல்லிவிட்டு வரலாம். ஏதேனும் இருந்தால், இரண்டு வயதில் தொடங்கும் பயிற்சி ஏழு வயதில் தொடங்குவதைவிடக் கூடுதல் பலன் தரும். சிறப்புத் தேவையுள்ள பிள்ளை யாருடைய பாவத்துக்கும் தண்டனை அல்ல. பிறவியிலேயே பார்வையற்றவரைப் பற்றிச் சீடர்கள் கேட்டபோது ஆண்டவர் இதற்குத் தெளிவாகப் பதில் சொல்லிவிட்டார்.

இனி நம் ஜொகூருக்கு வருகிறேன். இங்கே மாசாயிலும் ஸ்கூடாயிலும் பாசிர் கூடாங்கிலும் குடியிருக்கும் பலருக்கு நாள் விடிவது சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் பாலத்தில். பிள்ளை தூங்கும்போது மோட்டார் சைக்கிளை எடுத்தால், திரும்பும்போதும் பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கும். ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கும்போது, வீட்டுக் கடனையும் பள்ளிச் செலவையும் சுமக்கிறவர் வேறென்ன செய்வார்? அந்தப் பெற்றோரை நான் குறை சொல்லமாட்டேன். அவர்கள் பிள்ளைகளுக்காகத்தான் ஓடுகிறார்கள்.

நம் தாத்தா பாட்டிகளும் இப்படித்தான் ஓடினார்கள். ரப்பர் தோட்டத்தில் விடியுமுன் பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்புக்கு நின்று, பால்மரம் சீவப் போன தாய்மார் பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுப் போனார்கள். சேலைத் தொட்டில்கள் வரிசையாகத் தொங்கும். ஒரே ஆயா அத்தனை பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வார். அது சொர்க்கம் இல்லை. பசியும் நோயும் நிறைந்த இடம். ஆனால் அந்த ஆயாவுக்கு ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் குடும்பமும் தெரியும். மாலையில் லயத்து வாசலில் பத்துப் பேர் அந்தப் பிள்ளையோடு பேசுவார்கள். தோட்டங்கள் விற்கப்பட்டு நாம் அடுக்குமாடிகளுக்கு வந்தபோது, சம்பளம் கூடியது, அந்தப் பத்துப் பேர் போய்விட்டார்கள்.

இப்போது குழந்தைப் பராமரிப்பு மையங்கள் இருக்கின்றன. 1984ஆம் ஆண்டுச் சட்டப்படி அவை பதிவு பெற்றிருக்க வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட மூன்று பிள்ளைகளுக்கு ஒரு பராமரிப்பாளர் இருக்க வேண்டும் என்பது விதி. சேர்க்குமுன் பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள், எத்தனை பிள்ளைகளை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். கட்டணம் குறைவு என்பதற்காக மட்டும் எங்கேயும் விட்டுவிடாதீர்கள்.

உழைக்கும் பெற்றோரின் பிள்ளைகளுக்காகத்தான் மரியா மாண்டிசோரி தம் முதல் பள்ளியைத் திறந்தார். ரோமையில் சான் லொரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பு, 1907 ஜனவரி 6, திருக்காட்சிப் பெருவிழா நாள். பெற்றோர் வேலைக்குப் போனபின் படிக்கட்டுகளில் திரிந்த பிள்ளைகள் அவர்கள். தகுந்த இடமும் மரியாதையும் கிடைத்தபோது அந்தப் பிள்ளைகள் காட்டிய கவனம் பார்த்தவர்களை வியக்க வைத்தது. அவரே 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்தார், போர் மூண்டதால் 1946வரை இந்தியாவில் தங்கினார், கொடைக்கானலில் சில வருடங்கள் இருந்தார். பிறந்த நாள்முதல் குழந்தை சூழலை அப்படியே உள்வாங்குகிறது என்று விளக்கும் அவருடைய நூல் 1949இல் சென்னையில்தான் முதலில் வெளிவந்தது. தாயோடு கடைத்தெருவுக்குப் போகும் குழந்தை, அங்கே பேசப்படும் எல்லாவற்றையும் பார்த்தும் கேட்டும் கற்கிறது என்று அதில் எழுதினார். காய்கறி வாங்கப் போகும்போது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போங்கள். இது கத்திரிக்காய், இது முருங்கைக்கீரை என்று தமிழில் பேசிக்கொண்டே போங்கள்.

பிள்ளையின் உணவுக்கு வருவோம். மாண்டிசோரி சென்னைக்கு வந்த அதே 1939இல் பக்கத்துச் சிங்கப்பூரில் சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர் மேடையேறி, இனிப்பூட்டிய டின்பாலைக் குழந்தை உணவென்று விற்பது கொலைக்குச் சமம் என்று பேசினார். வருடங்கள் பல போயும் நம் கவலை தீரவில்லை. மலேசியாவில் 2022இல் எடுத்த தேசியச் சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 21.2 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். ஐந்தில் ஒரு பிள்ளை. ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும், பிறகு முட்டை, மீன், பருப்பு, கீரை. இனிப்பு நீரும் பிஸ்கட்டும் வயிற்றை நிரப்பும், எலும்பை வளர்க்காது.

தகப்பன்மாரே, 2023 ஜனவரி முதல் உங்களுக்கு ஏழு நாள் சம்பளத்தோடு கூடிய விடுப்பு சட்டத்தில் இருக்கிறது. அதைக் கொண்டாட்டத்துக்குச் செலவழிக்காதீர்கள். யோசேப்பு பேசியதாக நற்செய்தியில் ஒரு சொல்கூட இல்லை. ஆனால் இரவில் எழுந்து தாயையும் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு எகிப்துக்குப் போனவர் அவர். நீங்களும் இரவில் எழுந்திருங்கள். பாலம் கடந்து களைத்து வரும் நாளிலும், பிள்ளை விழித்திருந்தால் கைப்பேசியைப் பையிலேயே வைத்துவிட்டுத் தரையில் உட்காருங்கள். பத்து நிமிடமானாலும் முகத்தை முழுதாகக் கொடுங்கள்.

நம் ஆலயத்துக்கும் ஒரு சொல். பிள்ளை அழுதால் திரும்பி முறைக்கிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். குழந்தைகளை அதட்டி விலக்கிய சீடர்களிடம் ஆண்டவர் கோபப்பட்டார் என்று மாற்கு எழுதுகிறார். சிஸ்டைன் சிற்றாலயத்தில் குழந்தைகளுக்குத் திருமுழுக்குக் கொடுத்தபோது திருத்தந்தை பிரான்சிஸ், பசித்து அழும் பிள்ளைக்கு அங்கேயே பாலூட்டுங்கள் என்று தாய்மாரிடம் சொன்னார். மறைக்கல்வி வகுப்பு ஏழு வயதில் தொடங்குகிறது என்று நாம் எண்ணுகிறோம். அன்பு நம்பத்தக்கதா, அழைத்தால் பதில் வருமா என்ற கேள்விக்கு ஏழு வயதுப் பிள்ளை ஏற்கெனவே தன் பதிலை எடுத்துக்கொண்டுதான் அந்த வகுப்புக்குள் நுழைகிறது.

சிமியோனும் அன்னாவும் அந்தப் பிள்ளைக்கு உறவினர் அல்லர். ஆனாலும் ஒருவர் கையில் வாங்கினார், ஒருவர் அந்தப் பிள்ளைக்காக நன்றி சொன்னார். ஓய்வுபெற்று வீட்டில் இருக்கும் பெரியவர்களே, அந்த இடம் உங்களுடையது. அடுத்த அன்பியக் கூட்டத்தில் செபமாலை முடிந்ததும் ஒரு விசாரணை செய்யுங்கள். நம் வட்டாரத்தில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் எந்தெந்த வீட்டில் இருக்கிறார்கள், பெற்றோர் பாலத்துக்குக் கிளம்பியபின் அவர்களை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேளுங்கள். யாரும் இல்லாத வீடு ஒன்று இருந்தாலும் அதை அந்த வாரமே என்னிடம் வந்து சொல்லுங்கள்.