அடைக்கலமும் அட்வான்ஸும்

குடியிருந்த வீட்டைக் காலி செய்து போகிறவன், இனி ஒருநாளும் தான் உண்ணவோ உறங்கவோ போகாத அந்த அறைகளை எதற்காகப் பெருக்கித் துடைத்து வைத்துவிட்டுப் போகவேண்டும் என்ற கேள்வி பார்வைக்கு அற்பமாகத் தோன்றலாம். ஆனால் நம்முடைய தர்ம சாஸ்திரங்களும் காவியங்களும் பல நூற்றாண்டுகளாக வேறு வேறு உருவங்களில் விசாரித்து வந்திருக்கிற விஷயந்தான் அதற்குள் அடங்கியிருக்கிறது. தனக்குச் சொந்தமில்லாத ஒன்றை அனுபவித்தவன் அதை எந்த நிலையில் திருப்பித் தரக் கடமைப்பட்டவன்? அனுபவித்ததனால் உண்டான தேய்மானத்துக்கு அவன் குற்றவாளியா? பிறர் பொருளைக் கையில் வைத்திருப்பவன் அதை எந்த மனோபாவத்தோடு வைத்திருக்க வேண்டும்? சென்னைப் பட்டணத்தில் மாதந்தோறும் எத்தனையோ குடும்பங்கள் தட்டுமுட்டுச் சாமான்களை வண்டியில் ஏற்றுகிற வேளையில், இக்கேள்விகளெல்லாம் வீட்டுக்காரருக்கும் குடித்தனக்காரருக்கும் நடுவே அட்வான்ஸ் கணக்கு என்ற பெயரில் வந்து நிற்கின்றன.

பத்து மாத வாடகையை அட்வான்ஸாக வாங்குவது சென்னையில் நெடுங்காலமாக வேரூன்றிவிட்ட வழக்கம். சட்டம் அதை ஒருபோதும் ஆதரித்ததில்லை. 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் பெறலாகாது என்றது. அதன் இடத்தில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த 2017-ஆம் ஆண்டின் சட்டம், வேறு உடன்பாடு இல்லாதவிடத்து மூன்று மாத வாடகையே எல்லை என்று வகுத்து, வீடு காலியான ஒரு மாதத்துக்குள், குடித்தனக்காரர் தரவேண்டிய பாக்கி இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு, மீதியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்றும் விதிக்கிறது. வழக்கமோ, வேறு உடன்பாடு என்ற அந்தச் சிறு சந்தின் வழியாகவே இன்றும் நடந்துகொண்டிருக்கிறது. போகும்போது பெயிண்ட் அடிக்கவென்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வதும் வழக்கத்தின் ஓர் அங்கமாகவே ஆகிவிட்டது.

இந்தப் பெயிண்ட் விவகாரத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் தன் 108-ஆம் பிரிவில், குத்தகைக்கு எடுத்தவன் சொத்தைத் தான் பெற்றபோது இருந்த நல்ல நிலையிலேயே திருப்பித் தரவேண்டும் என்று சொல்லிவிட்டு, நியாயமான தேய்மானத்தாலும் தடுக்க முடியாத பெருஞ்சக்திகளாலும் உண்டான மாறுதல்களுக்கு அவன் பொறுப்பல்ல என்று ஒரு விலக்கையும் சேர்த்து வைத்திருக்கிறது. வறண்ட சட்ட பாஷையில் அமைந்த இந்த விலக்கை நான் ஒரு தத்துவ வாக்கியமாகவே படிக்கிறேன். மனிதன் ஓரிடத்தில் வாழ்ந்தால் அவ்விடம் மாறும். அந்த மாறுதலில் காலத்தின் பங்கு எவ்வளவு, அவன் அஜாக்கிரதையின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிந்து, காலம் செய்ததை அவன் தலையில் சுமத்தாமல் இருப்பதே நியாயம் என்ற விவேகம் அதில் பொதிந்திருக்கிறது.

எத்தனையோ குடும்பங்கள் காலி செய்த வீடுகளுக்குள் சென்று பார்த்திருக்கிறேன். கூடத்துச் சுவரில் தரையிலிருந்து இரண்டடி உயரத்தில், எண்ணெய் தேய்த்த தலையைச் சாய்த்தபடி யாரோ ஒரு பெரியவர் நாள்தோறும் உட்கார்ந்திருந்ததன் அடையாளமாக, வட்டமான ஒரு கறை பழுப்பேறியிருக்கும். சமையலறையில் அடுப்புக்கு மேலே தாளிக்கும்போது தெறித்த எண்ணெயும் கடுகின் கரும்புள்ளிகளும் புகையோடு கலந்து பிசுபிசுத்திருக்கும். நிலைப்படியில் வெள்ளிதோறும் வைத்த மஞ்சளும் குங்குமமும் மரத்துக்குள்ளேயே ஊறியிருக்கும். கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டுக் குழந்தையின் உயரத்தைக் குறித்து வந்திருப்பார்கள். இவற்றுள் எது தேய்மானம், எது சேதம்? அடுப்பு மேடையின் பிசுக்கை அவ்வப்போது துடைத்திருக்கலாம்; துடைக்காதது சோம்பல்; ஆகவே அதைச் சுரண்டிக் கழுவிக் கொடுப்பது போகிறவர் கடமை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. சுவரில் படிந்த தலைச் சுவடு வேறு ஜாதியைச் சேர்ந்தது. முதுமையடைந்த ஒரு மனிதர் சுவரில் சாய்ந்து உட்காருவதற்காகத்தான் வீடு என்ற ஒன்று கட்டப்படுகிறது. வாடகை என்பதே அப்படிச் சாய்ந்து கொள்ளும் உரிமைக்குக் கொடுத்த விலை. மாதந்தோறும் அந்த விலையை வாங்கிக்கொண்டு, கடைசியில் சாய்ந்த சுவடுக்கும் தனியாக விலை கேட்பது, ஒரே பொருளை இருமுறை விற்பதாகும். பல வருஷம் வெயிலும் புழுதியும் ஏறி ஆயுள் முடிந்துவிட்ட வர்ணத்தை, நேற்று அடித்த வர்ணம் போலக் கணக்கிட்டுப் போகிறவரிடம் வசூலிப்பதும் அப்படித்தான். அது அதர்மம் என்று சொல்ல நான் தயங்கமாட்டேன்.

மனித உடலை உயிர் ஒண்டுக்குடித்தனம் இருக்கும் இடமாகக் காண்பது நம் நாட்டில் மிகப் பழைய எண்ணம். நிலையாமையைப் பற்றிய அதிகாரத்தின் கடைசிக் குறளில் வள்ளுவர், நோய்களுக்கு நடுவே உடம்பின் ஒரு மூலையில் ஒதுங்கியிருக்கும் உயிருக்குத் தனக்கென்று ஒரு நிலையான வீடு இதுவரை அமையவில்லையோ என்று கேட்கிறார். இந்த உவமையை வைராக்கியத்துக்காகவே நாம் இதுகாறும் பயன்படுத்தி வந்திருக்கிறோம். எப்படியும் விட்டுப் போகப் போகிறோம், ஆகையால் பற்று வைக்காதே என்பதே அதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம். பற்று வைக்கக்கூடாது என்பதற்கும் பராமரிக்க வேண்டாம் என்பதற்கும் உள்ள தூரத்தை நாம் போதுமான அளவு சிந்திக்கவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. ஒழுகும் குழாயைப் பார்த்து, நம் வீடா என்ன என்று தோளைக் குலுக்கிவிட்டுப் போகும் குடித்தனக்காரரிடத்தில் இருப்பது பற்றின்மை என்று எந்த வேதாந்தியும் ஒப்புக்கொள்ளமாட்டார். தன்னுடையதல்லாத பொருளிடத்தில் காட்டும் ஜாக்கிரதையில்தான் பற்றின்மைக்கே பரீக்ஷை. ஏனெனில் அங்கே ஆசை இல்லை, லாபம் இல்லை, பொறுப்பு மட்டுமே எஞ்சி நிற்கிறது.

அட்வான்ஸ் திரும்பிவர வேண்டுமே என்ற பயத்தினால் வீட்டைக் கழுவுகிறவனுடைய செயல் தர்மத்தில் சேருமா என்று ஒருவர் கேட்கலாம். பலனில் கண் வையாமல் கடமையைச் செய் என்ற கீதையின் உபதேசத்தை வைத்துப் பார்த்தால், அது வியாபாரமே. ஆனாலும் அந்த வியாபாரத்தை நான் இகழமாட்டேன். பயத்தினால் துடைத்தாலும் தரை சுத்தமாகிறது, அடுத்து வருகிற குழந்தை அதில் தவழ்கிறது. என் வருத்தம் வேறொன்று. அட்வான்ஸைப் பெயிண்டுக்காக எப்படியும் பிடித்துக்கொள்ளத்தான் போகிறார்கள் என்று தெரிந்துவிட்டால், அதே மனிதர் கிழிந்த பாயையும் காலி மருந்துப் புட்டிகளையும் பரண்மேல் அப்படியே போட்டுவிட்டுப் போய்விடுகிறார். பணத்தையே தர்மத்தின் காவலனாக வைத்துவிட்டால், பணம் போனவுடன் தர்மமும் போய்விடுகிறது. அவர் யாரை மறந்துவிட்டார் என்றால், வீட்டுக்காரரை அல்ல. நாளை பால் காய்ச்சி, உப்பும் மஞ்சளும் நிறைகுடமுமாக அந்த வாசலில் வலதுகால் எடுத்து வைக்கப்போகும், பெயரும் முகமும் தெரியாத இன்னொரு குடும்பத்தை மறந்துவிட்டார். அந்தக் குடும்பம் அவருக்கு நன்றி சொல்லப் போவதில்லை, அவரைச் சந்திக்கப் போவதுமில்லை. கைம்மாறு கருதாத கடமையைப் பழகுவதற்கு ஒரு கிருகஸ்தனுக்கு இதைவிடச் சுலபமான சந்தர்ப்பம் வேறெங்கே கிடைக்கும்?

இதில் இன்னொன்றும் கவனிக்க வேண்டியிருக்கிறது. சுத்தம் செய்வது என்று சொல்லும்போது, செய்கிற கை யாருடையது? கடைசி நாளில் கழிவறையைக் கழுவவும் சாக்கடை அடைப்பை எடுக்கவும், அதுவரை பாத்திரம் தேய்த்து வந்த அம்மாளையே, கூடுதலாக ஒரு காசும் கொடாமல் ஏவிவிடுகிற குடும்பங்கள் நம்மிடையே உண்டு. 1901-ஆம் ஆண்டுக் கல்கத்தா காங்கிரஸில் கழிவிடங்களின் அசுத்தத்தைக் கண்ட காந்தியடிகள், அது தோட்டிகளின் வேலை என்று தொண்டர்கள் விலகி நின்றபோது, தாமே ஒரு துடைப்பத்தைக் கேட்டு வாங்கிச் சுத்தம் செய்தார். தன் அழுக்கைத் தான் கழுவுவதில் இழிவு ஒன்றும் இல்லை என்பதை அவர் செய்து காட்டினார். குடித்தனம் மாறும் நாளில் நம் வீட்டு ஆண்கள் லாரிக்காரரோடு பேரம் பேசிவிட்டுத் திண்ணையில் நிற்காமல், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குளியலறைத் தரையைத் தேய்த்தால், அந்தப் படிப்பினை ஒரு குடும்பத்துக்குள்ளாவது வந்து சேரும்.

இனி வீட்டுக்காரர் பக்கத்தைப் பார்ப்போம். என் அபிப்பிராயத்தில் பெரிய பாரம் அங்கேதான் இருக்கிறது. குடித்தனக்காரர் கையில் இருக்கும் வீடு எப்படி இன்னொருவர் பொருளோ, அப்படியே வீட்டுக்காரர் கையில் இருக்கும் அட்வான்ஸும் இன்னொருவர் பொருள். மனு ஸ்மிருதியின் பல விதிகள் நாம் ஏற்கக் கூடாதவை. என்றாலும், விவகாரங்களைப் பதினெட்டாக வகுத்த அந்நூல், கடனை அடுத்து இரண்டாவதாக அடைக்கலப் பொருளை வைத்திருப்பது, அக்காலத்திலேயே இது எத்தனை வழக்குகளுக்கு மூலமாயிருந்தது என்பதைக் காட்டுகிறது. கள்வரும் வெள்ளமும் நெருப்பும் கொண்டுபோனால் ஒழிய, ஒப்படைத்த பொருளைத் திருப்பித் தந்தே ஆகவேண்டும் என்பது அதன் தீர்ப்பு. இஸ்லாமியச் சகோதரர்கள் அமானிதம் என்று போற்றுவதும் இதையே. 630-ஆம் ஆண்டில் மக்கா வசமானபோது, கஅபாவின் திறவுகோலை அதுவரை காத்து வந்த உஸ்மான் இப்னு தல்ஹாவிடமே நபிகள் நாயகம் திருப்பிக் கொடுத்தார் என்பது அவர்கள் மரபு. அமானிதங்களை உரியவரிடம் ஒப்படைக்கச் சொல்லும் குர்ஆன் வசனத்தை விரிவுரையாளர் பலர் அந்த நிகழ்ச்சியோடு சேர்த்தே விளக்குவர். வென்றவர் கையிலிருந்தே திறவுகோல் திரும்பியது என்பதுதான் அதில் என் மனத்தைத் தொடும் அம்சம்.

ஆனால் தமிழருக்கு இதைக் கற்பிக்க மாதரியைவிடச் சிறந்த ஆசான் இல்லை. சிலப்பதிகாரத்தில் சமணத் துறவியான கவுந்தியடிகள் கண்ணகியை மாதரி என்ற இடைக்குல மூதாட்டியிடம் அடைக்கலமாக ஒப்படைக்கிறார். அவளோ பெருமகிழ்ச்சியோடு அழைத்துச் சென்று, செம்மண் பூசிப் புதுக்கிய சிறு வீடு ஒன்றில் கண்ணகியையும் கோவலனையும் குடிவைக்கிறாள். வந்தவரிடம் பூச்சுக் கூலி கேட்கும் எண்ணம் அவளுக்கு எழவில்லை. குடிவருவோருக்கு வீட்டைப் புதுக்கி வைப்பது கொடுப்பவர் கடமை என்பது ஆயர் சேரியின் அந்தப் பெண்ணுக்கு இயல்பாகவே தெரிந்திருந்தது. பின்னர் கோவலன் கொலையுண்டு கண்ணகியும் போனபின், அடைக்கலப் பொருளைக் காக்கத் தவறினோமே என்று மாதரி தீப்புகுந்தாள் என்ற செய்தியை மாடலன் என்ற மறையவன் வாயால் கேட்கிறோம். குற்றம் அவளுடையதன்று, அரசனுடையது, பொற்கொல்லனுடையது. ஆனாலும் தன்னிடம் ஒப்படைக்கப்பட்டது திரும்பவில்லை என்ற ஒன்றையே அவள் எண்ணினாள். அவள் உயிரை விட்டது போல யாரும் விடவேண்டும் என்று நான் சொல்லவில்லை. அடைக்கலத்தை இத்தனை தீவிரமாக எண்ணிய மக்களின் வழிவந்தவர்கள், ஒருவர் ஒப்படைத்த தொகையைச் செலவழித்துவிட்டு, அடுத்த குடித்தனம் வந்து அட்வான்ஸ் கொடுத்தால்தான் உங்களுக்குத் தரமுடியும் என்று கூசாமல் சொல்கிறார்களே என்பதே என் ஆற்றாமை.

அப்படிச் சொல்கிறவர் எல்லோரும் பேராசைக்காரர்கள் அல்லர். ஓய்வுபெற்ற பிறகு ஒரு மாடி வாடகையையே நம்பி வாழ்கிறவர்கள், பெண்ணின் கல்யாணத்துக்காக அந்தத் தொகையைத் தொட்டவர்கள் அவர்களுள் பலர். அவர்கள் கஷ்டம் நிஜமானது. ஆனால் அந்தக் கஷ்டத்தை, புது ஊரில் புது வீட்டுக்குப் பத்து மாதப் பணம் புரட்ட வேண்டியிருக்கும் இன்னொரு குடும்பம் ஏன் சுமக்க வேண்டும்? விவிலியத்தில் லேவியராகமத்தின் இருபத்தைந்தாம் அதிகாரத்தில் தேவன், நிலம் தம்முடையது, ஜனங்கள் தம்மிடத்தில் தங்கியிருக்கும் பரதேசிகளே என்று கூறுகிறார். பட்டா யார் பெயரில் இருந்தாலும் இருவரும் தங்கிப் போகிறவர்களே என்பதை ஒப்புக்கொண்டால், ஒருவர் மற்றவரிடம் எஜமான தோரணை காட்ட இடமில்லை.

அவநம்பிக்கை முற்றிய சில குடித்தனக்காரர்கள், கடைசி சில மாதங்கள் வாடகை கொடாமல், அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுகிறார்கள். வீட்டுக்காரரின் சம்மதத்தோடு செய்தால் அதில் தவறில்லை, நேர்மையான ஏற்பாடே. சம்மதமின்றிச் செய்தால், அந்த மாதங்களில் அரிசிக்கும் மருந்துக்கும் அவ்வாடகையையே எதிர்பார்த்திருந்த ஒரு முதியவரைத் தண்டிப்பதாக முடியும் என்பதால், எத்தனை காரணம் இருந்தாலும் அதை நான் ஆதரிக்கமாட்டேன். அதற்குப் பதிலாக, குடிபுகும் நாளிலேயே இருவருமாக வீட்டைச் சுற்றிப் பார்த்து, எந்தக் குழாய் ஒழுகுகிறது, எந்தச் சுவரில் விரிசல் இருக்கிறது, வர்ணம் எந்த வருஷம் அடித்தது என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளட்டும். காலி செய்யும் நாளில், சாமான் இறங்கி அறைகள் வெறுமையான பின், விளக்கு வெளிச்சத்தில் அல்லாமல் பகலிலேயே, அதே தாளை வைத்துக்கொண்டு மறுபடியும் சேர்ந்து சுற்றிவரட்டும். சேதம் உண்டென்றால் அதன் கூலியைக் கொத்தனாரோ தச்சரோ சொல்லட்டும்; வீட்டுக்காரர் ஊகித்துச் சொல்ல வேண்டாம். மீதிப் பணமும் வீட்டுச் சாவியும் அந்த ஒரே அமர்வில் கை மாறட்டும்.