புகையில்லா வண்டியும் மனச்சாட்சியும்



அமெரிக்காவின் யூட்டா, அரிசோனா மாநிலங்களில் நதிகள் பாறையை அறுத்து உண்டாக்கிய பள்ளத்தாக்குகளைக் காண, குடும்பங்கள் இப்போது மின்சாரக் காரில் பிரயாணம் போகின்றன. வண்டி புகை கக்குவதில்லை; ஆகையால் நாம் யாதொரு கேடும் செய்யவில்லை என்று தகப்பனார் நினைக்கக்கூடும்.

சற்றே பொறுங்கள். அதே பிரதேசத்தில் கிளென் என்றொரு பள்ளத்தாக்கு இருந்தது. 1963-ல் கொலராடோ நதியை அணையால் மறித்துத் தண்ணீரைத் தேக்கத் தொடங்கினார்கள். 1980-ல் ஏரி நிரம்பிற்று. பள்ளத்தாக்கு அதன் அடியில் போயிற்று. அவ்வணை இன்றும் மின்சாரம் தருகிறது. ஒரு பள்ளத்தாக்கைப் பார்க்கப் போகிறவனுடைய வண்டியில், மற்றொன்றை மூழ்கடித்துப் பெற்ற மின்சாரமும் கலந்து ஓடலாம்.

அப்படியானால் அவன் குற்றவாளியா? அல்ல. அவனைக் கேட்டுச் செய்த காரியமல்ல அது. சம்மதம் இல்லாத இடத்தில் பாவமும் இல்லை. ஆனால் குற்றம் வேறு, கடன் வேறு. பலனை அனுபவிக்கிறவன், அதற்கு என்ன விலை கொடுக்கப்பட்டது என்பதை அறிந்திருக்கக் கடன்பட்டவன். (நிலக்கரி மின்சாரத்துக்கும் இதே நியாயந்தான்.)

வழியில் வண்டிக்கு மின்சாரம் ஏற்றும்போது, "இது எங்கிருந்து வருகிறது, அப்பா?" என்று பிள்ளை கேட்கும். "சுவரிலிருந்து" என்று சொல்லிவிடுவது சுலபம். தேசப்படத்தை விரித்து அந்த ஏரியைக் காட்டிச் சொல்ல நேரம் பிடிக்கும்; நேரந்தான் அங்கே வேண்டியமட்டும் இருக்கிறதே!