கையிருப்பின் அறம்

நாளைய தேவைக்காக இன்றே பொருளைச் சேர்த்து வைப்பது முன்னறிவுடையோர் கடமையா, அல்லது இறைவன்மீதும் உடன் வாழும் மனிதர்மீதும் வைக்க வேண்டிய நம்பிக்கையில் ஏற்பட்ட குறையா என்பது சமயங்கள் நெடுங்காலமாக எதிர்கொண்டுவரும் கேள்வி. இக்காலத்தில் அக்கேள்விக்கு நாள்தோறும் விடை எழுதுவோர் விநியோகச் சங்கிலியை வடிவமைக்கும் பொறியாளர்கள் ஆவர். மூலப்பொருள் புறப்படும் இடம் முதல் நுகர்வோர் கை வரையிலான கொள்முதல், கிடங்கு, போக்குவரத்து, பங்கீடு ஆகிய அனைத்தையும் ஒரே அமைப்பாகக் கொண்டு திட்டமிடுவது அவர்களது துறை. எந்தப் பொருளை, எங்கே, எவ்வளவு, எத்தனை நாளுக்கு இருப்பு வைப்பது என்பதை அத்துறை கணக்கால் தீர்க்கிறது. ஆயினும் அக்கணக்கு தொடங்குவதற்கு முன்பே ஓர் அறத்தீர்ப்பு அதற்குள் நுழைந்துவிடுகிறது என்பதையும், அத்தீர்ப்பை வழங்குவோர் அதனை அறிந்தே வழங்க வேண்டும் என்பதையும் சமய மரபுகளின் துணையோடு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சேர்த்து வைத்தலை மறுக்கும் குரல் சமய நூல்களில் வலுவாக ஒலிக்கிறது. பாலைவனத்தில் இஸ்ரவேலருக்குக் கிடைத்த மன்னா என்னும் உணவை ஆளுக்கு ஓர் ஓமர் என்னும் முகத்தலளவுக்கு மேல் சேர்க்கலாகாது என்றும், மறுநாளுக்கென மீத்து வைத்தவர்களின் பங்கு புழுத்து நாறிப்போயிற்று என்றும் யாத்திராகமத்தின் 16ஆம் அதிகாரம் கூறுகிறது. விளைச்சல் பெருகியதைக் கண்டு பழைய களஞ்சியங்களை இடித்துப் பெரியனவாகக் கட்டத் திட்டமிட்ட செல்வன் அன்றிரவே உயிர் துறக்கும் உவமையை லூக்கா நற்செய்தி சொல்கிறது. பௌத்தத் துறவியரின் ஒழுக்க விதிகளைத் தொகுக்கும் விநயம், ஏற்ற உணவை நண்பகலுக்குள் உண்டுவிட வேண்டும் என்கிறது. நெய், வெண்ணெய், எண்ணெய், தேன், வெல்லப்பாகு ஆகிய ஐந்தையும் நோயுற்ற காலத்தில் ஏழு நாள் வரை வைத்துக்கொள்ளவும், மருந்து வேர் போன்றவற்றை வாழ்நாள் முழுதும் வைத்திருக்கவும் அது இசைகிறது. உடைமை சேர்க்காமையாகிய அபரிக்கிரகத்தைச் சமணம் ஐம்பெரும் விரதங்களுள் ஒன்றாக வைத்துள்ளது.

இதற்கு நேர் எதிரான குரலும் அதே மரபுகளில் உண்டு. ஆதியாகமத்தின் 41ஆம் அதிகாரத்தில், ஏழாண்டுச் செழிப்பையும் அதன் பின்வரும் ஏழாண்டுப் பஞ்சத்தையும் முன்னறிந்த யோசேப்பு, விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேமிக்குமாறு எகிப்து மன்னனாகிய பார்வோனுக்கு ஆலோசனை கூறுகிறார். ஒவ்வொரு நகரையும் சுற்றியுள்ள வயல்களின் தானியம் அந்தந்த நகரிலேயே சேர்த்து வைக்கப்படுகிறது. இன்றைய வழக்கில் சொன்னால், இது தேவைக்கு அருகிலேயே இருப்பைப் பரவலாக்கும் பன்மைக் கிடங்கு முறை. இதே வரலாற்றைச் சொல்லும் குர்ஆனின் 12ஆம் அத்தியாயம், உண்பதற்கு வேண்டிய சிறிதளவு நீங்கலாக, அறுத்த தானியத்தைக் கதிரோடு விட்டு வைக்குமாறு நபி யூசுப் அறிவுறுத்தியதாகக் கூறுவதால், எவ்வளவு சேமிப்பது என்பதோடு எவ்வாறு கெடாமல் காப்பது என்பதும் மறைநூலுக்கு உரிய பொருளாகிறது.

இவ்விரு குரல்களும் ஒன்றையொன்று மறுப்பன போலத் தோன்றினாலும், விதிகளை நுணுகிப் பார்த்தால் ஒரு பொது ஒழுங்கு புலப்படுகிறது. மன்னாவைப் பற்றிய கட்டளையே, உணவு இறங்காத ஓய்வுநாளை முன்னிட்டு ஆறாம் நாளில் இரட்டிப்பாகச் சேர்க்கச் சொல்கிறது. அவ்வாறு சேர்த்தது கெடவில்லை. விநயம் ஆரோக்கியமானவரின் சுவைக்காகச் சேர்ப்பதை விலக்கி, நோயாளியின் தேவைக்காகச் சேர்ப்பதை அனுமதிக்கிறது. இஸ்லாமியச் சட்டம், விலை ஏறட்டும் என்று உணவுப்பொருளைச் சந்தையிலிருந்து மறைத்து வைக்கும் இஹ்திகார் என்னும் பதுக்கலைப் பாவமாகக் கருதுகிறதே தவிர, குடும்பத்தின் தேவைக்கெனச் சேமிப்பதை அவ்வாறு கருதவில்லை. ஆகவே மரபுகள் எடை போடுவது இருப்பின் அளவையன்று. அது யாருடைய பசியை மனத்தில் கொண்டு வைக்கப்பட்டது என்பதையே அவை கேட்கின்றன.

இக்கேள்வியை நவீன அறிவியல் எவ்வாறு கையாள்கிறது என்பதை அடுத்துக் காணலாம். ஒரு முறைக்கு எவ்வளவு சரக்கு வரவழைப்பது சிக்கனம் என்பதற்கான சூத்திரத்தை 1913இல் ஃபோர்டு ஹாரிஸ் என்னும் அமெரிக்கப் பொறியாளர் வெளியிட்டார். அடிக்கடி வரவழைத்தால் ஏற்படும் செலவையும் அதிகமாகத் தேக்கி வைத்தால் ஏற்படும் செலவையும் அச்சூத்திரம் சமன் செய்தது. பின்னர் வந்த கோட்பாடுகள் நிச்சயமின்மையையும் கணக்கில் சேர்த்தன. எதிர்பாராத தேவையைத் தாங்குவதற்கெனக் கூடுதலாக வைக்கப்படும் சரக்கு காப்பிருப்பு எனப்படும். அன்றாடத் தேவையின் ஏற்ற இறக்கத்தை அளக்கும் திட்ட விலக்கத்தையும், அடுத்த சரக்கு வந்து சேர ஆகும் நாட்களின் வர்க்கமூலத்தையும், எந்த அளவு உறுதி வேண்டும் என்பதைக் குறிக்கும் ஓர் எண்ணையும் பெருக்கினால் அது கிடைக்கும். ஒரு கிடங்கின் அன்றாட ஏற்ற இறக்கம் 100 மூட்டை, சரக்கு வர ஆகும் காலம் 9 நாள் எனக் கொண்டால், நூற்றில் 95 தவணைகளில் தட்டுப்பாடு வராமலிருக்க ஏறத்தாழ 494 மூட்டை வேண்டும். நூற்றில் 99 என்றால் 698 மூட்டையும், ஆயிரத்தில் 999 என்றால் 927 மூட்டையும் வேண்டியிருக்கும். தட்டுப்பாடே ஒருபோதும் வராது என்ற முழு உறுதியை விரும்பினால் அச்சூத்திரம் முடிவிலியைக் காட்டும். மனித ஏற்பாடு எதுவும் குறைவற்றதாக இயலாது என்று சமயங்கள் கூறிவந்த உண்மை இங்கே எண் வடிவில் நிற்கிறது.

முழு உறுதி இயலாது என்றால், எத்தனை முறை தட்டுப்பாடு வரலாம் என்பதை யாரோ ஒருவர் முடிவு செய்தாக வேண்டும். தட்டுப்பாட்டால் ஓர் அலகுக்கு ஏற்படும் இழப்பையும் மிச்சத்தால் ஏற்படும் இழப்பையும் ஒப்பிட்டு இம்முடிவை எடுக்கலாம் என்பது கோட்பாடு. முன்னது பின்னதைப்போல் நான்கு மடங்கானால் உறுதி நூற்றுக்கு 80 என்றும், 99 மடங்கானால் நூற்றுக்கு 99 என்றும் விடை வரும். கணிதத்தில் குறையில்லை. ஆனால் தட்டுப்பாட்டின் இழப்பு எவ்வளவு என்பதைக் கணிதம் சொல்வதில்லை. அதை வெளியிலிருந்துதான் கொடுக்க வேண்டும். விற்பனை கைநழுவியதால் வணிகர் இழந்த இலாபமே இழப்பு என்று கொண்டால், கொடுக்கக் காசில்லாதவரின் பசி அக்கணக்கில் ஏறுவதேயில்லை. மருந்து கிடைக்காத நோயாளிக்கு நேர்வதே இழப்பு என்று கொண்டால், அதே சூத்திரம் முற்றிலும் வேறொரு கிடங்கைக் கட்டச் சொல்லும். உகப்பாக்கம், அதாவது இருக்கும் கட்டுப்பாடுகளுக்குள் மிகச் சிறந்த தீர்வைக் காண்பது, எதைச் சிறந்ததாகக் கொள்வது என்ற கேள்விக்கு விடை கூறுவதில்லை.

கையிருப்பையே வீணெனக் கருதி அதைக் குறைக்க முயன்ற சிந்தனைக்கு ஜப்பானின் டொயோட்டா நிறுவனம் சிறந்த சான்றாகும். அதன் உற்பத்தி முறையை உருவாக்கிய தாயிச்சி ஓனோ, மிகை உற்பத்தி, காத்திருப்பு, தேவையற்ற போக்குவரத்து முதலிய ஏழு வகை வீண்களுள் சரக்குத் தேக்கத்தையும் ஒன்றாக எண்ணினார். தேவையான பொருள், தேவையான அளவில், தேவையான நேரத்தில் மட்டும் வந்து சேர வேண்டும் என்பது அம்முறையின் உயிர்நாடி. அடுத்த கட்டத்துக்கு எவ்வளவு வேண்டும் என்பதை முந்தைய கட்டத்துக்கு அறிவிக்கும் கான்பான் என்னும் அட்டை அதன் கருவி. தேக்கி வைத்த சரக்கு உற்பத்தியின் குறைகளை மறைத்துவிடுகிறது என்ற இக்கருத்தில், வேண்டியதற்கு மேல் கொள்ளாத துறவொழுக்கத்தின் சாயல் இருப்பதை மறுக்க இயலாது.

இம்முறை ஒரு தீவிபத்தால் கடுஞ்சோதனைக்கு உள்ளானது. 1997 பிப்ரவரி 1 அன்று ஜப்பானின் கரியா நகரிலுள்ள ஐசின் செய்கி ஆலையில் தீப்பற்றியது. பின்சக்கர பிரேக்கின் அழுத்தத்தைச் சீராக்கும் ஒரு சிறு வால்வை டொயோட்டாவுக்கு ஏறத்தாழ முழுவதும் அந்த ஓர் ஆலையே வழங்கிவந்தது. கையிலிருந்த வால்வுகள் ஓரிரு நாளுக்கு மேல் தாங்காதவை. வாகன உற்பத்தி நின்றது. ஆனால் ஏறத்தாழ 200 நிறுவனங்கள், ஒப்பந்தமும் விலையும் பேசி முடிப்பதற்கு முன்பே, வரைபடங்களைப் பெற்று வால்வு செய்யத் தொடங்கின; அதுவரை வாகன உதிரிபாகமே செய்தறியாத தையல் இயந்திர நிறுவனம் ஒன்றும் அவற்றுள் இருந்தது. ஒரு வாரத்திற்குள் உற்பத்தி மீண்டது. கிடங்கில் சரக்கு இல்லாத இடத்தில், பல்லாண்டுகளாகச் சேர்ந்திருந்த பரஸ்பர நம்பிக்கை இருப்பாகப் பயன்பட்டது. அத்தகைய நம்பிக்கையை வளர்க்காமல் இருப்பை மட்டும் குறைக்கும் நிறுவனம் நிச்சயமின்மையை ஒழிப்பதில்லை. இரவோடிரவாக அழைக்கப்படும் ஒப்பந்தத் தொழிலாளியின் மீதும், தன் செலவில் சரக்கைத் தேக்கிக் காத்திருக்கும் சிறு உற்பத்தியாளர் மீதும் அதை இறக்கி வைக்கிறது. ஜப்பானில் நேர்ந்த 2011ஆம் ஆண்டு நிலநடுக்கத்துக்குப் பின், மின்னணுச் சில்லுகளை இரண்டு முதல் ஆறு மாதத் தேவைக்கு இருப்பு வைக்குமாறு தன் வழங்குநர்களை டொயோட்டாவே கேட்டுக்கொண்டது, இருப்பின்மைக்கும் எல்லை உண்டு என்பதை அது ஏற்றதைக் காட்டுகிறது.

அளவு மட்டுமே போதுமா என்ற வினாவுக்கு மணிமேகலைக் காப்பியத்தின் ஆபுத்திரன் வரலாறு ஆழமான விடை தருகிறது. மதுரையில் சிந்தாதேவி என்னும் தெய்வத்திடமிருந்து ஆபுத்திரன் பெற்ற அமுதசுரபி என்னும் உணவுப் பாத்திரம் எடுக்க எடுக்கக் குறையாதது. சூத்திரம் கேட்கும் அந்த முடிவிலி இருப்பு அவன் கையிலேயே இருந்தது. ஆனால் மழை பொழிந்து நாடு செழித்ததும் அவனிடம் உண்பதற்கு எவரும் வரவில்லை. சாவக நாட்டில் பஞ்சம் என்று கேள்வியுற்றுக் கப்பலேறியவன், வழியில் மணிபல்லவத் தீவில் இறங்க, கப்பல் அவனை விட்டுவிட்டுச் சென்றது. பலர் உயிர் காக்கும் பாத்திரத்தைக் கொண்டு தன் ஒருவன் வயிற்றை நிரப்ப மனமின்றி, அதைக் கோமுகிப் பொய்கையில் விட்டு, உண்ணாமல் உயிர் துறந்தான். குறையாத உணவு ஓரிடத்திலும் தீராத பசி வேறிடத்திலும் இருக்க, இடையில் வழி அறுந்துபோவதே பெருந்துயரம் என்பதை இவ்வரலாறு காட்டுவதோடு, இருப்பு வைத்திருப்பவன் அதன் உரிமையாளன் அல்லன் என்ற உணர்வையும் அவனது இறப்பின் வழியே நிறுவுகிறது.

அத்துயரம் காப்பியத்தோடு முடிந்துவிடவில்லை. 1965 ஜனவரி 14 அன்று தொடங்கப்பட்டு, தன் முதல் மாவட்ட அலுவலகத்தைத் தஞ்சாவூரில் அமைத்த இந்திய உணவுக் கழகத்தின் கிடங்கில், 50 கிலோ மூட்டைகள் தரையின் ஈரம் ஏறாதபடி கட்டைகளின்மேல் அட்டிகளாக அடுக்கப்படுகின்றன. ஒவ்வோர் அட்டியிலும் தொங்கும் அட்டை அது வந்த நாளையும் மருந்திட்ட நாளையும் காட்டுகிறது. பூச்சிகளைக் கொல்ல அட்டியை உறையால் மூடி அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வைக்கப்படுகிறது. முதலில் வந்தது முதலில் வெளியேற வேண்டும் என்பது விதி. காத்தல் என்பது இத்தகைய இடைவிடாத உழைப்பு. ஆயினும் 2001 ஜூலையில், 2.43 கோடி டன் போதும் என்று வகுக்கப்பட்டிருந்த நிலையில், மத்தியத் தொகுப்பின் அரிசியும் கோதுமையும் 6 கோடி டன்னைத் தாண்டியிருந்தன. அதே காலத்தில் வறட்சி தாக்கிய ராஜஸ்தானில் மக்கள் பட்டினியில் வாடினர். மக்கள் சிவில் உரிமைக் கழகம் அவ்வாண்டு ஏப்ரலில் தொடுத்த வழக்கில், பள்ளிகளில் சமைத்த மதிய உணவு வழங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் நவம்பர் 28 அன்று ஆணையிட்டது. தானியமும் கிடங்கும் இருந்தும், கதவைத் திறக்கும் கடமையை யாரும் தம்முடையதாக ஏற்காத குறையை ஒரு நீதிமன்றம் தீர்க்க வேண்டியிருந்தது.

திறக்கப்படும் கதவும் அறத்தோடு திறக்க வேண்டும் என்பதற்கு யோசேப்பின் வரலாற்றின் பிற்பகுதி எச்சரிக்கையாகும். ஆதியாகமத்தின் 47ஆம் அதிகாரத்தில் எகிப்தியர் தானியத்துக்காக முதலில் பணத்தையும், பின்னர் கால்நடைகளையும், இறுதியில் நிலத்தையும் தம் விடுதலையையும் பார்வோனுக்குக் கொடுத்துவிடுகின்றனர். உயிர் காத்த களஞ்சியமே ஒரு மக்கள்கூட்டத்தை அடிமைப்படுத்தும் கருவியாயிற்று. வள்ளுவர் இறைமாட்சியில் அரசின் திறன்களை வரிசைப்படுத்தும்போது, பொருள் வரும் வழி காணுதல், சேர்த்தல், காத்தல் ஆகிய மூன்றையும் சொல்லி, பகுத்தளித்தலை இறுதியில் வைக்கிறார். முன்னவை மூன்றும் அந்த நான்காவதற்காகவே என்று அவ்வரிசையை வாசிப்பது பொருந்தும்.

இவற்றால், சேமிப்பு நம்பிக்கைக் குறைவா கடமையா என்ற தொடக்கக் கேள்விக்கு, அது பிறர்க்குரியதைத் தற்காலிகமாகக் காத்து வைக்கும் பொறுப்பு என்ற விடை பெறப்படுகிறது. அப்பொறுப்பை ஏற்கும் வடிவமைப்பாளர் மூன்றை வெளிப்படையாகச் சொல்லக் கடமைப்பட்டவர்: தட்டுப்பாட்டின் இழப்பை யாருடைய துன்பத்தால் அளந்தார் என்பது முதலாவது, இருப்பைக் குறைத்ததனால் மிச்சமான நிச்சயமின்மையை யார் தலையில் வைத்தார் என்பது இரண்டாவது, எந்த நிலை வந்தால், யாருடைய ஆணையால், என்ன விலையில் கிடங்கு திறக்கப்படும் என்பது மூன்றாவது. இம்மூன்றும் எழுதப்படாத திட்டம், கணக்கில் எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும், அறத்தின் அளவில் முற்றுப்பெறாதது; இவற்றை எழுதி, அதனால் பாதிக்கப்படுவோர் கேள்வி கேட்க இடமளிக்கும் திட்டமே, முழு உறுதி எவர்க்கும் இயலாத உலகில் மனிதர் ஒருவர்க்கொருவர் தரத்தக்க நேர்மையான உறுதியாகும்.