மூன்றாவது ஆள்

2020ஆம் ஆண்டு ஊரடங்கின் மூன்றாவது வாரம். ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் வாழ்க்கைப்பட்டிருக்கும் என் சித்தி மகள் முதன்முறையாகக் கைபேசி வழியே ஒரு மருத்துவரிடம் பேசினாள். பேருந்து ஓடவில்லை. வழக்கமாகப் போகும் மருத்துவமனை மூடியிருந்தது. பத்தாம் வகுப்புத் தேர்வு தள்ளிப்போனதால் வீட்டில் இருந்த மகன், தன் கைபேசியில் மருத்துவ ஆலோசனைச் செயலி ஒன்றை இறக்கி, அம்மாவின் பெயரையும் வயதையும் பதிந்து, வீடியோ அழைப்பைப் போட்டுக் கொடுத்தான். அந்த வீட்டில் சிக்னல் கிடைப்பது கூடத்தில் மட்டும்தான். கூடத்துக் கட்டிலில் மாமனார் படுத்திருந்தார். அடுப்படி வாசலில் மாமியார் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கைபேசியைப் பிடித்துக்கொண்டு மகன் பக்கத்திலேயே நின்றான்.

“என்னம்மா பண்ணுது?”

“வயித்து வலி சார்.”

“வேற ஏதாவது தொந்தரவு?”

“வேற ஒண்ணும் இல்ல சார்.”

வேறு இருந்தது. இரண்டு மாதமாக நாற்றத்தோடு வெள்ளைப்படுதல், உறவின்போது வலி, அதன்பின் ரத்தக் கசிவு. எந்தப் பெண்ணும் அலட்சியப்படுத்தக் கூடாத அறிகுறிகள் இவை. பெற்ற மகன் முகத்துக்கு நேரே, மாமனார் காதுபட, இதில் எந்தச் சொல்லை அவள் சொல்லியிருக்க முடியும்? மருத்துவர் வயிற்றுப்புண்ணுக்கு மாத்திரை எழுதினார். மருந்துச் சீட்டு மகனின் வாட்ஸ்அப்புக்கு வந்தது. வீட்டில் எல்லோருக்கும் திருப்தி.

இதையெல்லாம் அவள் என்னிடம் சொன்னது பல மாதங்கள் கழித்து. கேட்டதும் எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. மருத்துவர் கேட்க வேண்டியதைக் கேட்டார். மகன் பாசத்தோடு உதவினான். மாமனார் தன் கட்டிலில் படுத்திருந்தார். விதியை யாரும் மீறவில்லை. ஆனால் அங்கே மருத்துவம் நடக்கவில்லை. யாரும் தவறு செய்யாமலேயே ஒரு பெண்ணுக்கு அநீதி நடக்க முடியுமா என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

முதலில் விதியைப் பார்ப்போம். இந்தியாவின் தொலைமருத்துவ நடைமுறை வழிகாட்டுதல்கள் 2020 மார்ச் 25 அன்று, நாடு தழுவிய ஊரடங்கு தொடங்கிய அதே நாளில் வெளியாயின. அதுவரை, நேரில் பார்க்காத நோயாளிக்கு மருந்து எழுதலாமா என்பதில் தெளிவு இருக்கவில்லை, பயம்தான் இருந்தது. அந்தப் பயத்துக்குப் பின்னாலும் ஒரு பெண்ணின் உடல் இருக்கிறது. மகாராஷ்டிரத்தின் ரத்னகிரியில், அறுவை சிகிச்சையில் குழந்தை பெற்ற ஒரு பெண் உடல்நிலை மோசமானபோது, அவருக்கு மருத்துவம் பார்த்தவர்கள் ஊரில் இல்லாமல் தொலைபேசி வழியே மருந்து சொன்னார்கள். அந்தப் பெண் இறந்துபோனார். 2018 ஜூலையில் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்த மருத்துவர்களுக்கு முன்ஜாமீன் மறுத்தது; நோயைக் கண்டறியாமல் மருந்து எழுதுவது தண்டனைக்குரிய அலட்சியம் என்றது. கை வைத்துப் பார்க்க வேண்டிய உடலைக் குரலால் மட்டும் பார்த்தால் உயிர் போகும் என்பதற்கு அந்த வழக்கு சாட்சி. தொலைவை நான் கண்ணை மூடிக்கொண்டு கொண்டாடாததற்கு இது முதல் காரணம்.

2020இன் வழிகாட்டுதல்கள் அந்தக் குழப்பத்துக்கு ஒழுங்கைக் கொண்டுவந்தன. வீடியோ, குரல், எழுத்து என மூன்று வழிகளிலும் ஆலோசிக்கலாம். மருந்துகள் பட்டியல்களாகப் பிரிக்கப்பட்டன. பாராசிட்டமால், உப்புச் சர்க்கரைக் கரைசல் போன்றவற்றை எந்த வழியிலும் பரிந்துரைக்கலாம். அடுத்த பட்டியலில் உள்ளவற்றை முதல் ஆலோசனையிலேயே எழுத வேண்டுமென்றால் அது வீடியோவாக இருக்க வேண்டும். மூன்றாவது பட்டியல், ஏற்கெனவே நேரில் பார்த்த நோயாளிக்கு அதே நோய்க்காகக் கூடுதலாக எழுதப்படுபவை. போதை மருந்துச் சட்டத்தின் கீழ் வருபவற்றைத் தொலைவிலிருந்து எழுதவே கூடாது. நேரில் பார்த்தே ஆக வேண்டும் என்று தோன்றினால் மருத்துவர் வரச்சொல்லலாம். நோயாளியும் எந்த நேரத்திலும் ஆலோசனையை நிறுத்திக்கொள்ளலாம். படிக்கும்போது பொறுப்போடு எழுதப்பட்ட ஆவணம் என்றே தோன்றுகிறது.

ஆனால் அதைத் திரும்பத் திரும்பப் படித்தபோது ஒன்று புரிந்தது. அது கற்பனை செய்திருக்கும் நோயாளிக்குச் சொந்தமாக ஒரு கைபேசி இருக்கிறது. தாளிட்டுக்கொள்ள ஓர் அறை இருக்கிறது. நினைத்ததைச் சொல்லும் வாய் இருக்கிறது. 2019–21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தானே பயன்படுத்தும் கைபேசி வைத்திருந்த பெண்கள் நாட்டில் 54 விழுக்காட்டினர். தமிழ்நாட்டில் ஏறக்குறைய நான்கில் மூவர். கைபேசியை எண்ணிவிட்டார்கள். கதவுள்ள அறையை யார் எண்ணியது?

ஒப்புதல் பற்றி விதி சொல்வதைப் பாருங்கள். நோயாளியே அழைப்பைத் தொடங்கினால் அவர் ஒப்புக்கொண்டதாகக் கொள்ளலாம். தனியாகக் கேட்கத் தேவையில்லை. நேரில் போகும்போதும் இப்படித்தானே என்று தோன்றும். காலால் நடந்து போய் மருத்துவர் முன் உட்காருவது ஒரு வகை ஒப்புதல்தான். கைபேசியில் யார் விரல் அழைப்பைத் தொடங்கியது என்று எப்படித் தெரியும்? என் தங்கையின் விஷயத்தில் தொடங்கியது மகனின் விரல். பதிவில் இருப்பது அவள் பெயர்.

அடுத்தது, நோயாளியைப் பராமரிப்பவர் பற்றிய பகுதி. நோயாளி உடன் இல்லாதபோதும் அவர் சார்பில் இன்னொருவர் மருத்துவரிடம் பேசலாம். மறதி நோய் வந்தவர், உடல் இயலாதவர், சிறார் விஷயத்தில் இது அவசியம். அந்த வேலையைச் செய்பவர்களும் பெரும்பாலும் பெண்களே. மாமியாரின் சர்க்கரை அளவைச் சொல்லி மருந்து கேட்கும் மருமகளுக்கு இந்த விதி ஒரு பேருந்துப் பயணத்தை மிச்சப்படுத்துகிறது. ஆனால் விதி அங்கே நிற்கவில்லை. முறையான அனுமதி வைத்திருப்பவரோடு, நோயாளிக்குத் தான் என்ன உறவு என்பதைக் காட்டும் சரிபார்க்கப்பட்ட ஆவணம் வைத்திருப்பவரையும் அது ஏற்கிறது. நம் ஊரில் மனைவியோடு உறவைக் காட்டும் ஆவணத்துக்கா பஞ்சம்? ரேஷன் கார்டு போதும். அந்த அட்டை அவர் கணவர் என்பதை நிரூபிக்கும். அவள் அவரைப் பேசச் சொன்னாளா என்பதை எந்த அட்டையும் நிரூபிக்காது. உறவையே சம்மதமாக எடுத்துக்கொள்ளும் வழக்கம் குடும்பத்தில் ஏற்கெனவே இருக்கிறது. திருமணத்துக்குள் நடக்கும் வல்லுறவை வல்லுறவாகப் பார்க்க மறுக்கும் சட்டத்திலும் இருக்கிறது. இப்போது மருத்துவ ஆலோசனைக்குள்ளும் அது வந்து உட்கார்ந்திருக்கிறது.

மூன்றாவது, ரகசியம். நோயாளியின் அந்தரங்கத்தைக் காப்பது மருத்துவரின் கடமை என்று விதி தெளிவாகச் சொல்கிறது. கூடவே, தொழில்நுட்பக் கோளாறாலோ மருத்துவர் அல்லாத வேறொருவராலோ அந்த ரகசியம் வெளியானதாக நம்ப நியாயமான ஆதாரம் இருந்தால் மருத்துவர் பொறுப்பாக மாட்டார் என்றும் சொல்கிறது. இது நியாயம்தான். ஒட்டன்சத்திரத்துக் கூடத்தில் யார் படுத்திருக்கிறார் என்பதற்குச் சென்னையில் இருக்கும் மருத்துவர் எப்படிப் பொறுப்பாக முடியும்?

ஆனால் பொறுப்பு என்ற சொல்லுக்கு நம் மொழியில் இரண்டு பொருள் இருக்கிறது. ‘இதற்கு யார் பொறுப்பு?’ என்று கேட்டால் குற்றவாளியைத் தேடுகிறோம். ‘இதை யார் பொறுப்பில் விடுவது?’ என்று கேட்டால் வேலையைச் செய்யப்போகிறவரைத் தேடுகிறோம். சட்டம் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறது. கூடத்தில் இன்னொருவர் இருந்தது மருத்துவரின் குற்றமில்லை என்பதோடு அந்தக் கோப்பு மூடப்படுகிறது. அவளைத் தனியாகப் பேசவைக்கும் வேலை யாருடையது என்ற இரண்டாம் கேள்வி கேட்கப்படவே இல்லை. நான் முதலில் எழுப்பிய கேள்விக்கு இதுதான் விடை என்று நினைக்கிறேன். யாரும் தவறு செய்யாமலேயே அநீதி நடக்கும். தவறு யாருடையது என்று மட்டுமே கேட்கும் இடத்தில் அது தாராளமாக நடக்கும்.

இங்கே ஒரு மறுப்பு எழும். எனக்குள்ளேயே எழுந்தது. நேரில் போவது மட்டும் என்ன சொர்க்கமா? நம் அம்மாக்கள் மருத்துவமனைக்குப் போக யாரிடமெல்லாம் அனுமதி கேட்டார்கள், ஒருநாள் கூலியை விட்டார்கள், துணைக்கு ஆள் தேடினார்கள் என்பதை மறந்துவிட முடியுமா? கல்யாணமாகாத பெண் மகப்பேறு மருத்துவரின் வாசலில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு ஊருக்குள் பேசியவர்கள் எத்தனை பேர்? அவர்களுக்குத் தொலைவு ஒரு விடுதலைதான்.

கருக்கலைப்பை எடுத்துக்கொள்வோம். 2015ஆம் ஆண்டில் இந்தியாவில் சுமார் 1 கோடியே 56 லட்சம் கருக்கலைப்புகள் நடந்ததாகவும், அவற்றில் 73 விழுக்காடு மருத்துவமனைக்கு வெளியே மாத்திரைகளால் நடந்ததாகவும் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அதாவது பெண்கள் ஏற்கெனவே தொலைமருத்துவம்தான் செய்துகொண்டிருக்கிறார்கள், மருத்துவர் இல்லாமல். கடைக்கு ஆளனுப்பி மாத்திரை வாங்கி, எத்தனை நாள் ரத்தம் போகும், எப்போது பயப்பட வேண்டும் என்று சொல்ல ஒரு குரல்கூட இல்லாமல் விழுங்குகிறார்கள். இங்கிலாந்தில் 2020 மார்ச் இறுதியில், பத்து வாரத்துக்கு உட்பட்ட கருவைக் கலைக்கத் தொலைபேசி ஆலோசனைக்குப் பின் இரு மாத்திரைகளையும் வீட்டிலேயே எடுத்துக்கொள்ள அனுமதித்தார்கள். 2022 ஆகஸ்டில் அதை நிரந்தரமாக்கினார்கள். நம் சட்டம் இன்னும் மருத்துவரின் தகுதியையும் அங்கீகரிக்கப்பட்ட இடத்தையும் சுற்றியே நிற்கிறது. அந்த இடத்துக்குப் போக முடியாதவள் மருந்துக்கடைக்கு ஆளனுப்புகிறாள்.

ஆக, தொலைவு நல்லதா கெட்டதா என்று கேட்பதில் பொருளில்லை. ஒருத்திக்கு வீடு பாதுகாப்பு, மருத்துவமனை வாசல் அவமானம். இன்னொருத்திக்கு வீடே காவல், மருத்துவரின் அறை மட்டும்தான் ‘நீங்க கொஞ்சம் வெளிய இருங்க’ என்று கணவரிடம் யாராவது சொல்லக்கூடிய ஒரே இடம். எது வேண்டும் என்று தேர்ந்தெடுப்பது யார் என்பதுதான் விஷயம்.

செய்ய முடிந்தவை பெரிய காரியங்களும் இல்லை. பெயர், வயது கேட்டு உறுதிசெய்யும் மருத்துவர் அடுத்த கேள்வியாக, ‘தனியாகப் பேச முடியுமா? ஆமா, இல்லை என்று மட்டும் சொல்லுங்கள்’ என்று கேட்கலாம். ‘இல்லை’ என்று பதில் வந்தால், ஆமா இல்லை என்று மட்டும் பதில் சொல்லக்கூடிய கேள்விகளாகக் கேட்கலாம். ‘வெள்ளைப் படுதா?’ என்று மருத்துவர் கேட்டிருந்தால், கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு ‘ஆமா சார்’ என்று என் தங்கை சொல்லியிருப்பாள். அதற்கு வீடியோவை விடக் குரல் மேல். மருந்துச் சீட்டை எந்த எண்ணுக்கு அனுப்புவது என்று அவளையே கேட்கலாம். வீட்டுக்கு வெளியே, கிராமத்துத் துணை சுகாதார நிலையத்தில், செவிலியரின் உதவியோடு தொலைவிலிருக்கும் மருத்துவரிடம் பேசும் ஏற்பாடு அரசின் இ-சஞ்சீவனி திட்டத்தில் இருக்கிறது. அந்த அறைக்கு ஒரு கதவும் தாழ்ப்பாளும் இருப்பதை மருத்துவக் கருவிகளில் ஒன்றாகக் கணக்கில் எடுக்கலாம். செவிலியரும் ஊர்க்காரர்தான், அவருக்குத் தெரிவதிலும் சிலருக்குத் தயக்கம் இருக்கும் என்பது உண்மை. அதனால்தான் ஒரே வழி போதாது, பல வழிகள் வேண்டும் என்கிறேன்.

தங்கை என்னிடம் சொன்ன அடுத்த வாரமே அவளைத் திண்டுக்கல்லில் ஒரு பெண் மருத்துவரிடம் கூட்டிப்போனேன். வீட்டில் முதுகு வலி என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். அவள் எதையாவது விட்டுவிடக் கூடாதே என்று நானே எல்லாவற்றையும் சொல்லத் தொடங்கினேன். வெள்ளைப்படுதல் எப்போதிருந்து, வலி எப்படி, ரத்தம் எத்தனை தடவை. மருத்துவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, “நீங்க கொஞ்சம் வெளிய இருங்கம்மா” என்றார்.

சுருக்கென்றது. நான் அவள் அக்கா. அவளை இங்கே கொண்டுவந்ததே நான்தான். பெண் விடுதலை பேசுகிறவள். மாமனாரையும் மகனையும் என்னையும் ஒரே தட்டில் வைப்பதா?

வெளியே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. இருபது நிமிடம் ஆயிற்று. வெளியே வந்தவளின் கண்கள் சிவந்திருந்தன, முகம் தெளிந்திருந்தது. நான் சொன்னதைத் தாண்டி அவள் உள்ளே என்ன பேசினாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.