பழைய ரேடியோவும் புதிய மிக்ஸியும்



"அந்தக் காலத்துச் சாமான் மாதிரி இப்போ எதுவும் உழைக்கிறதில்லை" என்று நம் தூத்துக்குடி, காயல்பட்டினம் வீடுகளில் பெரியவர்கள் சொல்வார்கள். கடல் தாண்டி வந்த இலங்கை வானொலியைக் கேட்ட வால்வு ரேடியோவை உதாரணம் காட்டுவார்கள். இது உண்மையா?

பாதி உண்மை. இன்று நம் கண்ணில் படுபவை, கெடாமல் தப்பிய ரேடியோக்கள் மட்டுமே. கெட்டுப்போனவை எப்போதோ பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டன. அவற்றை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. அன்று ரேடியோ விலை உயர்ந்த பொருள். அதனால் துணி போட்டு மூடிப் பாதுகாத்தார்கள். வால்வு போனால் வால்வை மட்டும் மாற்றினார்கள். அதன் நீண்ட ஆயுளில் ஒரு பங்கு, பழுதுபார்த்தவரின் கைக்குச் சேரும்.

மறுபாதியையும் கேளுங்கள். 1924-ல் ஜெனீவாவில் கூடிய பெரிய பல்பு கம்பெனிகள், பல்பின் ஆயுளை 1,000 மணி நேரமாகக் குறைக்க உடன்பட்டன. அதற்கு மேல் எரியும் பல்பைச் செய்த கம்பெனிக்கு அபராதமும் விதித்தன. ஆக, ஆயுளைத் திட்டமிட்டுக் குறைப்பது புதிதல்ல.

நம் கடலில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், சிப்பிகளைத் திறக்காமலேயே ஆயிரக்கணக்கில் ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து உண்டா என்பது விற்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. அதன் மார்க்கச் சட்டம் தனி மஸ்அலா. ஆனால் இன்று மிக்ஸியின் மோட்டாரில் சுற்றியிருப்பது செம்பா, அலுமினியமா என்று செய்தவருக்குத் தெரியும். வாங்கும் தாய்க்குத் தெரியாது. சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அதை மேலே தெரியும்படி வைக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கேட்ட சம்பவம் நாம் அறிந்ததுதானே?

மலிவாக விற்பது பாவமா? இல்லை. விலை இறங்கியதால்தான் ஏழை வீட்டுக்கும் மிக்ஸி வந்தது. அது நிஃமத் என்பதை அம்மியில் அரைத்த கைகள் அறியும். குறையை மறைப்பதுதான் பாவம். தவணை முடிவதற்குள் மோட்டார் கருகினால், அந்த ஏழை ஒரே பொருளுக்கு இரண்டு முறை விலை கொடுக்கிறார்.

எனவே, கடை வைத்திருப்பவர்களே! இது எவ்வளவு உழைக்கும், பாகங்கள் கிடைக்குமா என்பதை நீங்களாகவே சொல்லுங்கள். வாங்குபவர்களே! விலையைக் கேட்கும்போதே, பழுதானால் சரிசெய்ய முடியுமா என்றும் கேளுங்கள். உப்புக்காற்று வீசும் ஊர் நம்முடையது; துடைத்துப் பேணுங்கள். சின்னப் பழுதுக்காகத் தூக்கி எறிவது வீண்விரயம்.

குமர் காரியத்துக்குச் சீர்சாமான் வாங்கித் தருபவர்களே! உங்கள் வீட்டுக்கு எதை வாங்க மாட்டீர்களோ, அதை அந்தப் பிள்ளைக்கும் கொடுக்காதீர்கள். பத்துப் பொருள் கொடுத்தோம் என்ற பெயரைவிட, பத்து வருடம் உழைக்கும் ஒரு பொருள் மேல்.

மறைக்காமல் விற்கவும், விரயமின்றி வாழவும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.