இரண்டாம் இடத்து ராஜா

பிள்ளையார்பாளையத்துத் தறி ஓசையைத் தாண்டி மேற்கே போனால் கைலாசநாதர் கோயில். சுமார் 1,300 ஆண்டுகளுக்கு முன் பல்லவ மன்னன் ராஜசிம்மன் எழுப்பிய மணற்கல் கோயில். திருச்சுற்றை ஒட்டி 58 சின்னச் சின்னச் சன்னதிகள். அவற்றின் சுவர்களில் ராஜசிம்மன் தன் பட்டப்பெயர்களை வெட்டி வைத்திருக்கிறான். ரணஜயன், அத்யந்தகாமன் என்று தொடங்கி 200க்கும் மேல் போகிறது அந்தப் பட்டியல். தன்னடக்கம் என்ற பழியை இவன்மேல் யாரும் போட முடியாது.

இப்படிப்பட்ட ராஜாவைத்தான் தமிழ்ச் சைவம் இரண்டாம் இடத்தில் உட்கார வைத்தது.

கதை பெரியபுராணத்தில் இருக்கிறது. திருநின்றவூரில் பூசலார் என்றோர் அந்தணர். சிவனுக்குக் கோயில் கட்ட ஆசை, கையில் காசில்லை. தேடி அலைந்தும் ஒன்றும் கிடைக்காமல், மனசுக்குள்ளேயே கட்டத் தொடங்கினார். மனக்கோயில்தானே என்று ஒரு வேலையையும் அவர் தட்டிக் கழிக்கவில்லை. சேக்கிழார் இதை ஆசையாகவே சொல்கிறார். பொருள் சேர்க்கிறார், தச்சரை அழைக்கிறார், நல்ல நாள் பார்த்து அடித்தளம் போடுகிறார், இரவிலும் கண் மூடுவதில்லை. விமானம், சிகரம், சுதை வேலை, கிணறு, மதில், குளம் எல்லாம் வரிசை பிசகாமல் முடித்துப் பிரதிஷ்டைக்கு நாள் குறிக்கிறார். அதே நாளில் காஞ்சியில் காடவர்கோன் கட்டிய கற்றளிக்கும் பிரதிஷ்டை. முந்தின இரவு சிவன் மன்னனின் கனவில் வந்து, நாளைக்குப் பூசலாரின் கோயிலுக்குப் போகிறேன், உன் விழாவைத் தள்ளி வை என்கிறார்.

அந்தக் காடவர்கோன் ராஜசிம்மன்தான், கற்றளி இந்தக் கைலாசநாதர் கோயில்தான் என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. உடலில்லாத ஒரு குரலை ராஜசிம்மன் கேட்டதாக இங்குள்ள கல்வெட்டு பாடுவதையும் இதோடு சேர்த்துப் பார்ப்பார்கள்.

உபன்யாசங்களில் கைதட்டல் வாங்குவது எப்போதும் பூசலார். கல்லைவிட உள்ளம் பெரிது என்று சொல்லிவிட்டு அடுத்த நாயனாருக்குப் போய்விடுவார்கள். ஆனால் கதையில் சோதனை யாருக்கு வந்தது? பூசலாருக்கு வரவில்லை. கருவூலத்தைத் திறந்து, சிற்பிகளை வைத்து, கண்முன் நிற்கும் கோயிலைக் கட்டி முடித்தவனிடம், கட்டாத கோயிலுக்குப் பின்னால் நில் என்று சொல்லப்படுகிறது. அவன் நின்றவூருக்குப் போகிறான். கோயில் எங்கே என்று கேட்கிறான். அப்படி ஒன்றும் இல்லை என்கிறார்கள். பூசலாரைத் தேடிப் பிடித்து, நடந்ததைக் கேட்டு, தரையில் விழுந்து வணங்கிவிட்டு ஊர் திரும்புகிறான்.

பலன் கருதாமல் வேலை செய் என்பது கீதையின் புகழ்பெற்ற அறிவுரை. (வீட்டுக்கு வீடு சுவரில் தொங்கும் ‘கீதாசாரம்’ கீதையில் இல்லை என்பது வேறு கதை.) வேலை நடக்கும்போது அந்த அறிவுரையைப் பின்பற்றுவது அவ்வளவு கடினமில்லை. கை வேலையில் இருந்தால் மனசுக்குப் பலனை நினைக்க நேரம் இருக்காது. முடிவு வெளியாகி, நம் பெயருக்கு மேலே இன்னொரு பெயர் இருக்கும்போதுதான் அது உண்மையில் சோதிக்கப்படுகிறது.

அந்த நொடியைக் கேமரா வைத்துப் படம் பிடிக்கும் விளையாட்டு ஒன்று உண்டு: ஃபிகர் ஸ்கேட்டிங். ஐஸ் தளத்தில் நான்கு நிமிடம் ஆடி முடித்து, மூச்சு வாங்கும்போதே வீராங்கனையைத் தளத்தின் ஓரத்தில் ஓர் இருக்கையில் உட்கார வைக்கிறார்கள். அதற்கு ‘கிஸ் அண்ட் க்ரை’ என்றே பெயர். உள்ளே நிபுணர்கள் மெதுவாக ஓடும் வீடியோவில் தாவல்களைத் திரும்பப் பார்க்கிறார்கள். காற்றில் சுழற்சி கால் வட்டம் குறைந்தாலும் புள்ளி போகும். ஒவ்வோர் அசைவுக்கும் நடுவர்கள் மைனஸ் ஐந்திலிருந்து பிளஸ் ஐந்து வரை தரம் போடுகிறார்கள். விழுந்தால் தனிக் கழிவு. வெளியே அவள் முகத்தை உலகம் பார்த்துக்கொண்டிருக்கிறது.

1972 சப்போரோ ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் ஜேனட் லின் சுழலும்போது வழுக்கி உட்கார்ந்துவிட்டார். சிரித்துக்கொண்டே எழுந்து தொடர்ந்தார். தங்கம் ஆஸ்திரியாவின் பியாட்ரிக்ஸ் ஷூபாவுக்கு. பனியில் வட்டம் கீறிக் காட்டும் கட்டாயச் சுற்றில் ஷூபாவை மிஞ்ச ஆளில்லை. ஆட்டச் சுற்றிலோ அவருக்கு ஏழாவது இடம்தான். ஆட்டத்தில் முதலில் வந்த லின்னுக்கு மொத்தத்தில் வெண்கலம். ஆனால் ஜப்பானியர்கள் மனதில் வைத்துக்கொண்டது அந்தச் சிரிப்பைத்தான்.

2025 பிப்ரவரி, ஹார்பின் ஆசியக் குளிர்கால விளையாட்டு. மூன்று முறை உலகச் சாம்பியனான ஜப்பானின் கவோரி சகமோட்டோ முதல் சுற்றில் முன்னணியில் இருந்து, இறுதியில் கொரியாவின் கிம் சே-யோனிடம் தங்கத்தைப் பறிகொடுத்தார். அடுத்த மாதம் பாஸ்டன் உலகப் போட்டியிலும் இரண்டாமிடம். முதலிடம் பதினாறு வயதில் ஓய்வை அறிவித்துவிட்டு, இரண்டு ஆண்டு கழித்துத் தன் விருப்பத்துக்காகத் திரும்பி வந்த அலிசா லியுவுக்கு. சகமோட்டோ அவரைக் கட்டித் தழுவி வாழ்த்தினார். ராஜசிம்மன் நின்றவூரில் செய்ததும் ஏறக்குறைய இதுதான்.

ஹார்பினில் அதே போட்டியில் எட்டாவதாக வந்தவர் தாரா பிரசாத். அமெரிக்காவில் பிறந்து வளர்ந்து, இந்தியக் குடியுரிமைக்கு மாறி, தேசியச் சாம்பியனாகி, இந்தியாவுக்காக ஆடுபவர். எந்த இந்தியா? டேராடூனில் 2011ஆம் ஆண்டுப் போட்டிக்காகக் கட்டிய பெரிய ஐஸ் அரங்கைப் பல ஆண்டு பூட்டி வைத்திருந்த இந்தியா. குருகிராமில் ஒரு மாலுக்குள் இருக்கும் சிறு தளத்தில் பிள்ளைகள் பழகும் இந்தியா. சின்ன நாடான எஸ்தோனியாவில் பல ஊர்களில் ஐஸ் அரங்கு; 2025இல் சொந்த ஊரான தாலினில் நீனா பெத்ரோகினா ஐரோப்பியப் பட்டத்தையே வென்றார், அந்நாட்டுக்கு அதுவே முதல் தடவை. தாராவின் எட்டாம் இடத்துக்கு நம் பத்திரிகைகளில் கிடைத்தது ஓரத்தில் சில வரி. மனசுக்குள் கோயில் கட்டுபவருக்கு இது தெரிந்த கதைதான்.

இதுவரை சொன்னது பணிவின் பக்கம். மறுபக்கம் பிரான்ஸின் சூர்யா போனாலி. 1994இல் ஜப்பானின் சிபா நகரில் உலகப் போட்டி. நடுவர்கள் ஐந்துக்கு நான்கு என்று பிரிந்து தங்கத்தை யுகா சாதோவுக்குக் கொடுத்தார்கள். போனாலி மேடை ஏற மறுத்தார். கழுத்தில் போட்ட வெள்ளிப் பதக்கத்தைக் கழற்றினார். அரங்கம் கூச்சலிட்டது. பெரும்பாலும் வெள்ளையர் விளையாட்டாக இருந்த ஒன்றில் கறுப்பினப் பெண்ணான தன்னை நடுவர்கள் சரியாகப் பார்க்கவில்லை என்ற மனக்குறை அவருக்கு இருந்தது. நான்கு ஆண்டு கழித்து நாகானோ ஒலிம்பிக்கில், பதக்கம் இல்லை என்றானதும், தடை செய்யப்பட்ட பின்பல்டியை அடித்து ஒற்றைக் காலில் இறங்கினார். புள்ளி குறையும் என்று தெரிந்தே செய்தார். நடுவர்களுக்கு முதுகைக் காட்டியபடி ஆட்டத்தை முடித்தார். அந்தப் பல்டி 2024இல் விதிப்படி அனுமதிக்கப்பட்டுவிட்டது.

போனாலிக்கு ராஜசிம்மனின் பணிவு இல்லை என்று சொல்லலாமா? சொல்லக் கூடாது. ராஜசிம்மனுக்குத் தீர்ப்புச் சொன்னவர் சிவன். அதற்கு மேல் அப்பீல் கிடையாது, சந்தேகத்துக்கும் இடமில்லை. ஸ்கேட்டிங்கில் தீர்ப்புச் சொல்பவர்கள் மனிதர்கள். 2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கில் ஒரு நடுவர் அழுத்தத்துக்குப் பணிந்தது வெளியாகி, கனடா ஜோடிக்கு இரண்டாவது தங்கமே கொடுக்க வேண்டி வந்தது. 6.0 என்ற பழைய மதிப்பெண் முறையையே தூக்கிப் போட்டார்கள். முடிவை ஏற்கும் பணிவு, நடுவர் நியாயமானவராக இருக்கும்போதுதான் அறம். இல்லாவிட்டால் அது அநியாயத்துக்குத் துணை போவது.

கைலாசநாதரிலிருந்து திரும்பிப் பிள்ளையார்பாளையத்துக்குள் வந்தால் இந்த வித்தியாசம் வீட்டுக்கு வீடு தெரியும். காஞ்சிப் பட்டில் கோர்வை நெய்ய மூன்று நாடா. உடல் ஊடையும் கரை ஊடையும் ஒவ்வோர் இழையிலும் கோத்துக்கொள்ள வேண்டும். அதற்கு நெசவாளியின் பக்கத்தில் ஒரு துணை ஆள். ஒரு காலத்தில் அந்த இடத்தில் குழந்தைகளையே உட்கார வைத்தார்கள். நாள் கணக்கில் நெய்த சேலையைக் கொண்டுபோய்க் கொடுத்தால் விரித்துப் பார்ப்பார்கள், எடை போடுவார்கள், இழை தப்பியிருந்தால் கூலியில் கை வைப்பார்கள். கோர்வையை விட்டு, உடலையும் கரையையும் ஒரே நாடாவில் விசைத்தறியில் ஓட்டிய சேலையும் அதே கடையில், அதே பெயரில் விலை போகும். சேலைப் பெட்டியில் கடையின் பெயர் இருக்கும். நெய்தவர் பெயர் எங்கும் இருக்காது. 200 பட்டப்பெயர் வெட்டிக்கொண்ட ராஜாவின் கோயிலுக்குப் பக்கத்துத் தெரு இது.

இந்த வீடுகளின் பிள்ளைகள் தறியை விட்டுக் கம்பெனி வேலைக்குப் போவதைப் பார்த்துத் தொழில்பக்தி போய்விட்டதே என்று வருத்தப்படுகிறவர்கள் உண்டு. அவர்கள் பூசலாரைத் தப்பாகப் படித்தவர்கள். பூசலார் யாருக்கும் கூலிக்குக் கட்டவில்லை. அவர் கோயிலை விற்று இடையில் லாபம் பார்த்தவரும் யாரும் இல்லை. பலன் கருதாதே என்று நெசவாளியிடம் சொல்ல, அவர் பலனில் பங்கு எடுப்பவர்களுக்கு உரிமை கிடையாது. முதலில் கைத்தறிச் சேலையையும் விசைத்தறிச் சேலையையும் பிரித்துச் சொல்லி விற்கட்டும், கோர்வைக்கு உரிய கூலியைக் கொடுக்கட்டும். கீதை பிறகு பேசலாம்.