அலைக்கு உடையவர் யார்?

அறிவு தனியுடைமையா, பொதுவுடைமையா? இவ்வினாவுக்குச் சொல்லால் விடையளித்தோர் பலர். வாழ்க்கையால் விடையளித்தோர் சிலர். அச்சிலருள் ஒருவர் வங்கத்துப் பௌதிக விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸ்.

1858ஆம் ஆண்டு பிறந்த போஸைத் தந்தையார் முதலில் தாய்மொழிப் பள்ளிக்கே அனுப்பினார். அங்கே மீனவர் மகனொருவன் அவருக்குப் பக்கத்தில் அமர்ந்து பயின்றான். அவன் சொன்ன நீர்வாழ் உயிர்களின் கதைகள் இயற்கையை ஆராயும் வேட்கையைத் தம்முள் விதைத்தன எனப் போஸ் பின்னாளில் நினைவுகூர்ந்தார். பேலியகொடை மீன் சந்தையில் சுமை தூக்குவோரின் பிள்ளைகளுக்குக் கல்வி எதற்கு என்போர் இதனைச் சற்றே சிந்திப்பாராக.

கேம்பிரிட்ஜில் பயின்று மீண்ட போஸ், 1885இல் கல்கத்தாப் பிரசிடென்சிக் கல்லூரியில் ஆசிரியரானார். ஒரே பணிக்கு ஐரோப்பியருக்கு ஓர் ஊதியம், இந்தியருக்கு அதிற் குறைந்த ஊதியம் என்பது அன்றைய ஆட்சியின் நீதி. போஸ் அக்குறை ஊதியத்தைத் தொடவில்லை. மூன்றாண்டுகள் ஊதியமின்றியே கற்பித்தார். ஈற்றில் ஆட்சி பணிந்தது. முழு ஊதியம் நிலுவையுடன் வந்தது.

ஹேர்ட்ஸ் கண்டறிந்த மின்காந்த அலைகளை மில்லிமீற்றர் அளவுக்குக் குறுக்கி ஆராய்ந்தவர் போஸ். 1895இல் கல்கத்தாவில், சுவர்களை ஊடுருவிச் சென்ற அலையினால் மணியை ஒலிக்கவும் வெடிமருந்தை வெடிக்கவும் செய்து காட்டினார். 1901இல் இலண்டனில், தந்திக் கம்பனி முதலாளி ஒருவர் ஆக்கவுரிமைப் பத்திரத்துடன் அவரை நாடினார். இலாபத்திற் பங்கு பேசினார். போஸ் மறுத்தார். நண்பர்களின் வற்புறுத்தலால் 1904இல் அமெரிக்க ஆக்கவுரிமை ஒன்று அவர் பெயரிற் பதிவாயிற்று; அதைக் கொண்டு அவர் பொருள் தேட முனையவில்லை. 1917இல் தாம் நிறுவிய ஆய்வு நிலையத்தின் கண்டுபிடிப்புகள் யாவும் பொதுச்சொத்து என்றே அறிவித்தார்.

ஊதியத்தில் ஒரு காசும் விட்டுக்கொடாதவர் பெருஞ்செல்வத்தை உதறியது முரண் அன்றோ எனலாம். அன்று. உழைப்பின் கூலி உழைத்தவனுக்கு உரியது. அதிற் குறைப்பது களவு. இயற்கையின் உண்மையோ பலர் தேடலால் வெளிப்படுவது. மக்ஸ்வெல் கணித்தார், ஹேர்ட்ஸ் கண்டார், போஸ் தொடர்ந்தார். அதனை ஒருவன் வேலியிடுவதும் களவே. இரு மறுப்புக்கும் வேர் ஒன்றுதான்.

ஆயினும் வலிய வினா ஒன்று எஞ்சுகிறது. நல்லவன் வேலியிடாது விட்ட நிலத்தை வல்லவன் வளைத்துக்கொள்ளானா? வளைத்துக்கொள்வான். 2020இல் பெருந்தொற்றினாற் பள்ளிகள் மூடப்பட்டபோது பாடங்கள் கையடக்கத் தொலைபேசியில் அலைகளாக வந்தன. கருவி வாங்கவும் கட்டணம் செலுத்தவும் இயலாத பிள்ளைகளுக்கு அவை எட்டவில்லை. சுவரை ஊடுருவிய அலை வறுமையை ஊடுருவவில்லை!

இதனால் போஸின் துறவு வீண் என்பதா? இல்லை, தனிமனிதரின் துறவு மட்டும் போதாது என்பதே பொருள். அறிவைப் பொதுவென வழங்குவது விஞ்ஞானியின் அறம். வழங்கியதைப் பொதுவாகவே காப்பது சமுதாயத்தின் கடன். முன்னதை ஒருவர் அன்றே நிறைவேற்றினார். பின்னது நம்முன் நிற்கிறது.